ஜமாஅத் என்னும் சொல்: பலர்பாலும் பெண்பாலும்

அரபு நாட்டுப் பெண்களின் உரிமைகள் குறித்தும் அந்நாடுகளின் ஆட்சிமுறை குறித்தும் தமிழில் வெளிவந்துள்ள எழுத்துகளை ஒருசேர வைத்து நோக்குவார்க்கு, அவை பெரும்பாலும் இரண்டு போக்குகளுள் அடங்கிவிடுதல் புலப்படும். ஒன்று இரங்கல்; மற்றொன்று ஏற்றம் கூறல். முதற்போக்கினர் அப்பெண்களை முகத்திரைக்குப் பின்னிருந்து பிறர் தரும் விடுதலையை எதிர்நோக்கும் பேசாப் பாவைகளாகக் காட்டுவர். இரண்டாம் போக்கினர், ஏழாம் நூற்றாண்டிலேயே சொத்துரிமையும் மணமுறிவு உரிமையும் பெண்ணுக்கு வழங்கப்பட்டுவிட்டமையால் இனிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்பர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் மறுப்பவரே. ஆயினும் இருவர் எழுத்திலும் தொடரமைப்பு ஒன்றாகவே உள்ளது. பெண் எழுவாயாக நிற்பதில்லை. நான்காம் வேற்றுமை ஏற்றே நிற்கிறாள். 'பெண்களுக்கு உரிமை வழங்கப்பட்டது', 'பெண்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டது' என்னும் செயப்பாட்டுத் தொடர்களில் வழங்கியவர் யார், கேட்டவர் யார், நெடுங்காலம் மறுத்தவர் யார் என்பன தொடருக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

இச்சொல்லாட்சியை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அரபு நாட்டுச் செய்திகளோடு மட்டும் ஆய்வை நிறுத்திக்கொண்டால் அது எளிதாகிவிடும். பிறர் வீட்டுக் குறையைப் பேசுவதில் இடர்ப்பாடு ஏதுமில்லை. எனவே அரபு மொழியிலிருந்து தமிழுக்கு வந்து, தமிழக ஊர்களில் ஓர் ஆட்சியமைப்பின் பெயராக நிலைபெற்றுவிட்ட 'ஜமாஅத்' என்னும் சொல்லை மையமாகக் கொண்டு, அச்சொல்லின் எல்லைக்குள் பெண் உண்டா என்னும் வினா இங்கு எழுப்பப்படுகிறது. எழுதப்படும் இடம் புனே நகரின் கேம்ப். ஆங்கிலேயர் படை தங்கிய பாளையமாகத் தோன்றிய இப்பகுதியைத் தமிழர் பாளையம் என்னாமல் கேம்ப் என்றே வழங்குவர். தமிழும் மராத்தியும் தக்கினி உருதுவும் குசராத்தியும் ஒரே தெருவில் ஒலிக்கும் இவ்விடத்தில், பாக்தாதிலிருந்து வந்த சசூன் குடும்பத்தார் 1867இல் எழுப்பிய யூதர் தொழுகைக்கூடம் ஒருபுறமும், பள்ளிவாசல்களும் தர்காக்களும் மறுபுறமும் உள்ளன. சொற்கள் எவ்வாறு சமயம் கடந்தும் மொழி கடந்தும் செல்கின்றன என்பதைக் காண இதனினும் வாய்ப்பான இடம் அரிது.

அனுமதியும் உரிமையும்

2018 ஜூன் 24ஆம் நாள் சவூதி அரேபியாவில் பெண்கள் ஊர்தி ஓட்டுவதற்கிருந்த தடை நீங்கியது. அதற்கு முன்னர், 2015 டிசம்பரில், நகராட்சித் தேர்தலில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர், போட்டியிட்டனர். இவ்விரு செய்திகளையும் தமிழ் இதழ்கள் குறிப்பிட்டபோது பெரிதும் எடுத்தாண்ட சொல் 'அனுமதி' என்பதே. ஆனால் 1990 நவம்பர் 6ஆம் நாளிலேயே ரியாத் நகரில் 47 பெண்கள் தாமே ஊர்தி ஓட்டிச் சென்றனர். அதன்பொருட்டுப் பிடித்துவைக்கப்பட்டனர், கடவுச்சீட்டையும் வேலையையும் இழந்தோர் அவருள் உண்டு. 2018இல் தடை நீங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, மே மாதத்தில், அதே உரிமைக்காகக் குரல் கொடுத்த பெண்கள் சிலர் சிறைப்படுத்தப்பட்டனர். கேட்டவரைச் சிறையில் வைத்துவிட்டுக் கேட்ட பொருளைக் கொடுக்கும் அரசு, அதனைப் 'பெற்ற உரிமை' எனப் பிறர் கூறுதலை விரும்பாது. 'தந்த அனுமதி' எனக் கூறுதலையே விரும்பும். நம் இதழாசிரியர்கள் அறியாமலேயே அவ்வரசின் விருப்பத்தைத் தமிழில் நிறைவேற்றிவிட்டனர் எனலாம்.

தமிழில் அனுமதி, சலுகை, உரிமை ஆகிய மூன்றும் வேறு வேறு பொருளன. அனுமதி கொடுத்தவரால் திரும்பப் பெறத்தக்கது. சலுகை கொடுப்பவரின் பெருந்தன்மையைச் சுட்டுவது. உரிமையோ உரியவரைவிட்டு நீங்காதது. ஆயின் இவ்வுயர்ந்த சொல்லின் வரலாறும் பெண்ணைப் பொறுத்தவரை மாசற்றதன்று. 'உரிமை' என்பது பழைய வழக்கில் மனைவியையும் அரசனுக்குரிய மகளிரையும் குறித்தது; 'உரிமை மகளிர்' என்னும் ஆட்சி அறிஞர் அறிந்ததே. ஒரு காலத்தில் பெண்ணே உரிமையாக இருந்தாள். பிறகே பெண்ணுக்கு உரிமை என்னும் தொடர் பிறந்தது. ஊர்ப்புறங்களில் 'சுதந்திரம்' என்பது ஊழியக்காரர் களத்தில் பெறும் நெற்பங்கைக் குறித்த நிலையிலிருந்து நாட்டின் விடுதலையைக் குறிக்கும் நிலைக்கு உயர்ந்ததை இதனோடு ஒப்பிடலாம்.

அரபு மொழியில் உரிமையைக் குறிக்கும் சொல் 'ஹக்'. அஃது உண்மை என்னும் பொருளையும் உடையது. இறைவனின் பெயர்களுள் ஒன்றாகவும் எண்ணப்படுவது. இச்சொல் பாரசீகத்தின் வழியே மராத்தியில் புகுந்து 'ஹக்க' என்றாகி, இன்று மகாராட்டிரத்தில் எச்சமயத்தவரும் உரிமையைக் குறிக்க இயல்பாக வழங்கும் சொல்லாகிவிட்டது. குடியாட்சியைக் குறிக்கும் 'லோக்ஷாஹி' என்னும் மராத்திச் சொல்லிலோ வடமொழி லோகமும் பாரசீக ஷாஹியும் இணைந்துள்ளன. நிஜாம்ஷாஹி, ஆதில்ஷாஹி என அரசமரபுகளைக் குறித்த ஈறு மக்களின்மேல் ஏறியிருக்கிறது. அரபியரோ குடியாட்சிக்கு ஐரோப்பியச் சொல்லையே சற்றுத் திரித்து வழங்குகின்றனர். இதனைக் கொண்டு குடியாட்சி என்னும் கருத்தே அரபு மண்ணுக்கு அயலானது என வாதிடுவோர் உண்டு. சொல் கடன்வாங்கப்பட்டமையால் பொருளும் அயலது என்பது மொழியியல் ஏற்காத முடிவு. அவ்வாறாயின் உரிமை என்னும் கருத்து மராத்தியர்க்கு அரபியர் தந்த கொடை என்றன்றோ கூறவேண்டும்!

ஆண்கள் மட்டும் கூடிய குடியாட்சி

பெண்ணுரிமையும் குடியாட்சியும் ஒன்றையொன்று இயல்பாகவே வளர்க்கும் என்பது பொதுவான நம்பிக்கை. அரபு நாடுகளின் அண்மை வரலாறு இந்நம்பிக்கையைப் பலவிடத்துப் பொய்யாக்குகிறது. துனீசியாவில் 1956 ஆகஸ்டு 13ஆம் நாள் வெளியிடப்பட்ட குடும்பச் சட்டம் பலதார மணத்தைத் தடைசெய்தது. மணமுறிவை நீதிமன்றத்தின் வழியாகவே பெறவேண்டும் என விதித்தது. நாடு விடுதலை பெற்று ஐந்து மாதம் நிறையாத நிலையில், ஹபீப் பூர்கீபா மேலிருந்து இறக்கிய சட்டம் அது. அதற்குரிய கருத்தியலைத் தாஹிர் ஹத்தாத் 1930இலேயே ஒரு நூலாக எழுதிப் பழிக்கு ஆளாகியிருந்தார் என்பதும் மறத்தற்குரியதன்று. எனினும் சட்டமாக்கியது தேர்தல் அவையன்று.

குவைத்து இதற்கு நேர்மாறு. அங்கு வளைகுடா நாடுகளுள் வேறெங்கும் காணாத அளவிற்கு ஆற்றல் வாய்ந்த பேரவை இருந்தது. 1962ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் வாக்குரிமையை 'ஆண்களுள்' இருபத்தொரு வயது நிரம்பிய குவைத்தியர் ஒவ்வொருவர்க்கும் தந்தது. 1999இல் அமீர் பெண்களுக்கும் வாக்குரிமை நல்கும் ஆணையை வெளியிட்டார். ஆண்களால் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை, அவ்வாண்டு நவம்பரில், பெண் வாக்குரிமைச் சட்டமுன்வரைவை 30க்கு 32 என்னும் வாக்குகளால் வீழ்த்தியது. மன்னர் தர முன்வந்ததை மக்களவை மறுத்த விந்தை அது. பெண்கள் பேரவையின் முன்னர்த் திரண்டனர், வழக்காடினர். 2005 மே 16ஆம் நாள் 35க்கு 23 என்னும் வாக்குகளில் திருத்தம் நிறைவேறியது. மொழியியலாளர் கண்ணுக்கு அத்திருத்தம் மிகச் சிறியது: 'ஆண்களுள்' என்னும் சொல் நீக்கப்பட்டது. பெண்கள் என்னும் சொல் அவ்விடத்தில் சேர்க்கப்படவில்லை. குவைத்தியன் என்னும் ஆண்பாற் சொல்லே எஞ்சி, இருபாலையும் தழுவுவதாயிற்று. (வாக்களிக்கும் பெண் சமயவிதிகளைப் பேணவேண்டும் என்னும் நிபந்தனையில் மட்டும் பெண் பெயர் பெற்றாள். உரிமையில் மறைந்து, கட்டுப்பாட்டில் வெளிப்படுதல் பெண்பால் விகுதிக்கு எம்மொழியிலும் நேரும் ஊழ் போலும்.) 2009இல் நான்கு பெண்கள் அப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2024 மே மாதத்தில் அமீர் பேரவையைக் கலைத்து, அரசமைப்பின் சில பிரிவுகளை நான்காண்டு வரை நிறுத்திவைக்கும் ஆணையைப் பிறப்பித்தார். பெற்ற வாக்கைச் செலுத்த ஓர் அவை வேண்டுமன்றோ?

எகிப்தில் நிகழ்ந்தது வேறு வகை. 1923ஆம் ஆண்டு அரசமைப்பு எகிப்தியர் அனைவரும் சட்டத்தின்முன் சமம் என்றது. தேர்தல் சட்டம் எகிப்தியர் என்றால் எகிப்திய ஆண்கள் எனப் பொருள்கொண்டது. ஹுதா ஷஅராவி எகிப்தியப் பெண்ணியச் சங்கத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். துரியா ஷஃபீக் 1951 பிப்ரவரியில் ஏறத்தாழ 1500 பெண்களுடன் நாடாளுமன்றத்தினுள் புகுந்தார். 1954இல் உண்ணாநோன்பு இருந்தார். 1956இல் வாக்குரிமை வந்தபோதும், வாக்காளர் பட்டியலில் பெயர் இடம்பெறப் பெண்கள் தாமே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. நம் சட்டங்களும் இவ்வகையில் மேம்பட்டன அல்ல. 1897ஆம் ஆண்டுப் பொதுப் பிரிவுகள் சட்டம் ஆண்பாற் சொற்கள் பெண்பாலையும் உள்ளடக்கும் என விளக்கம் தருகிறது. உள்ளடக்கும் என்று ஒரு சட்டம் இயற்றிக் கூறவேண்டியிருப்பதே அவை இயல்பாக உள்ளடக்குவதில்லை என்பதற்குச் சான்று.

துனீசியாவில் 2012இல் எழுந்த சொற்போர் இவற்றினும் நுட்பமானது. புதிய அரசமைப்பின் வரைவில் குடும்பத்தினுள் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் நிறைவுசெய்யும் பாங்கினர் என்னும் பொருள்பட 'தகாமுல்' என்னும் சொல்லின் வடிவம் இடம்பெற்றது. கேட்பதற்கு இனிய சொல். நம் 'வாழ்க்கைத்துணை' என்பதற்கு உறவானது. ஆனால் 'சமம்' என்னும் பொருளுடைய 'முசாவாத்' என்பதன் இடத்தை அது கவர்கிறது என்பதனைப் பெண்கள் உடனே கண்டுகொண்டு, அவ்வாண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் தெருவில் இறங்கினர். 2014இல் நிறைவேறிய அரசமைப்பில் சமம் என்பதே நின்றது. ஒரு சொல்லுக்காகப் பல்லாயிரவர் தெருவில் நின்றனர் என்னும் செய்தி, சொல்லாய்வை அறைக்குள் நடக்கும் வேலையாக எண்ணுவோர்க்கு உரியது. பின்னர் 2021இல் நாடாளுமன்றம் முடக்கப்பட்ட நிலையில், அரபு நாடுகளிலேயே முதன்முறையாக ஒரு பெண் தலைமையமைச்சராக அங்கு அமர்த்தப்பட்டார். அவை இல்லாத காலத்தில் கிடைத்த பதவி அது.

ஜமாஅத்தார்

அரபு மொழியில் 'ஜ-ம-அ' என்னும் வேரினின்று கூடுதற்பொருளில் பல சொற்கள் பிறக்கின்றன. வெள்ளிக்கிழமைத் தொழுகை நாளைக் குறிக்கும் ஜும்ஆவும் அறிஞர் ஒருமித்த முடிவைக் குறிக்கும் இஜ்மாவும் பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் ஜாமிஆவும் அவ்வேரினவே. ஜமாஅத் என்பதும் அவ்வாறு பிறந்ததே. இலக்கணப்படி அஃது ஒரு பெண்பாற் சொல் என்பது சுவையான செய்தி. தமிழகத்தில் அச்சொல் பொதுக்கூட்டம் என்னும் பொருளினின்று குறுகி, ஒரு பள்ளிவாசலைச் சார்ந்த ஊர் நிருவாக அமைப்பைக் குறிப்பதாயிற்று. திருமணப் பதிவு, மணமுறிவு, பாகப் பிணக்கு, அடக்கத்தலம், வக்ஃபுச் சொத்து எனப் பலவும் அதன் கீழ் வருகின்றன. பலவூர்களில் அதன் உறுப்பினர் 'தலைக்கட்டு' என்னும் அலகால் எண்ணப்படுவர். தலைக்கட்டு வரி செலுத்துவோர்க்கே அவையில் பேச்சுண்டு, வாக்குண்டு. மணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவன் தாயும் மனைவியும் மகளும் அத்தலைக்கட்டின் உள்ளடக்கம்.

இவ்வழக்கு இசுலாமியர்க்கு மட்டும் உரியதன்று என்பதை இங்கு அழுத்திக் கூறவேண்டும். கோயில் திருவிழாவிற்குத் தலைக்கட்டு வரி பிரிக்கும் இந்து ஊர்களிலும் கணக்கு இதுவே. தமிழர் குடியாட்சிக்குத் தொட்டில் எனப் பாடநூல்கள் போற்றும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைக்கு விதிக்கும் தகுதிகளை எண்ணிப் பார்க்கலாம்: இறைகட்டும் நிலம், தன் மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதக் கல்வி. அத்தகுதிகளுள் ஒரு பெண் நுழைவதற்கு ஓர் இடைவெளியும் இல்லை. குவைத்துப் பேரவையையும் உத்திரமேரூர்ச் சபையையும் ஊர் ஜமாஅத்தையும் இணைக்கும் நூல் ஒன்றுண்டு. மூன்றும் தம் உறுப்பினர்க்குள் முறையாக வாக்கெடுப்பவை. குறை வாக்கெடுப்பில் இல்லை. எவரை எண்ணுவது என்னும் முதற்கணக்கில் உள்ளது.

இம்முதற்கணக்கை மறைப்பதில் தமிழ் இலக்கணத்திற்கும் பங்குண்டு. உயர்திணையை ஆண்பால், பெண்பால், பலர்பால் எனத் தொல்காப்பியர் மூன்றாகப் பகுத்தார். பன்மைக்கு வந்தவுடன் பால்வேறுபாடு மறைந்துவிடுகிறது. 'ஜமாஅத்தார் முடிவு செய்தனர்', 'ஊரார் கூடினர்' என்னும் தொடர்களில் பெண் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், விகுதி காட்டிக்கொடுப்பதில்லை. அரபு மொழி அவ்வாறன்று. பன்மையிலும் ஆண்பால் வேறு, பெண்பால் வேறு. கலப்புக் கூட்டத்துக்கு ஆண்பாற் பன்மையே வரும். குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் 35ஆம் வசனம் அப்பொது வழக்கை விடுத்து, பத்து இணைகளில் ஆண்பாற் பன்மையையும் பெண்பாற் பன்மையையும் அடுத்தடுத்து நிறுத்துகிறது. ஆண்கள் குறிப்பிடப்படுவதுபோல் பெண்களாகிய நாங்கள் ஏன் குறிப்பிடப்படவில்லை என நபியின் துணைவியார் உம்மு ஸலமா வினவியதை அதற்குப் பின்னணியாக மரபு கூறும். மொராக்கோ நாட்டுச் சமூகவியலறிஞர் ஃபாத்திமா மெர்னிஸி இந்நிகழ்ச்சியைத் தம் 1987ஆம் ஆண்டு நூலில் விரிவாக எடுத்துப் பேசுகிறார். மெர்னிஸியின் முடிவுகள் அனைத்தையும் ஏற்கவேண்டுவதில்லை. அறிவிப்பாளரின் நம்பகம் குறித்து அவர் கூறுவனவற்றுள் சில விரைந்து எடுத்த முடிவுகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் உம்மு ஸலமாவின் வினா ஓர் இலக்கண வினா என்பதை அவர் உணர்த்தியது பெரிது. தமிழில் அவ்வினாவைக் கேட்கவே இயலாது. 'நம்பிக்கையாளர்கள்' என்று பெயர்த்துவிட்டால் எல்லாரும் உள்ளேயிருப்பதாகவே தோன்றும்.

மராத்தி இவ்வகையில் அரபியைப் போன்றது. எண்ணுப்பெயரிலேயே பாலை உணர்த்தும். ஏழு பெண்கள் என்பதை 'ஸாத் ஜணீ' எனத் தனிவடிவால் கூறும். 1966 ஏப்பிரல் 18ஆம் நாள் மும்பைச் சட்டமன்றம் நோக்கி ஹமீத் தல்வாயின் முயற்சியால் ஊர்வலமாகச் சென்ற முசுலிம் பெண்கள் அவ்வாறு எழுவர். வாய்மொழித் தலாக்கும் பலதார மணமும் ஒழியவேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகளுள் இருந்தன. நான்காண்டு கழித்து, 1970 மார்ச்சு 22ஆம் நாள், புனேயில் 'முஸ்லிம் சத்யசோதக் மண்டல்' தொடங்கப்பெற்றது. பெயரின் முதற்பகுதி அரபு. மற்றவை வடமொழி வழிவந்தவை. 1873இல் ஜோதிராவ் புலே இதே நகரில் நிறுவிய சத்யசோதக் சமாஜத்தின் பெயரைத் தல்வாய் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார். 1985இல் கோலாப்பூரிலிருந்து நாகபுரி நோக்கிப் புறப்பட்ட 'தலாக் முக்தி மோர்ச்சா'வின் பெயரும் இத்தகைய கலவையே. தல்வாய் 1977இல் மறைந்தபின் அவர் துணைவியார் மெஹருன்னிசா தல்வாய் அப்பணியை முன்னெடுத்தார். 1995இல் மராத்தியில் தம் வரலாற்றை எழுதினார். அந்நூல் தமிழில் வந்திருப்பின் நம் விவாதங்கள் வேறுவகையில் அமைந்திருக்கக் கூடும்.

மண்டலின் குறையும் கூறப்படவேண்டும். அது நீதிமன்றத்தையும் சட்டமன்றத்தையும் நோக்கியே பேசியது. பள்ளிவாசலின் அவையை நோக்கிப் பேசவில்லை. தன் சமுதாயத்தாரின் சொற்களைவிடச் சீர்திருத்தவாதிகளின் சொற்களையே அது மிகுதியும் கையாண்டது. இந்த இடத்தில்தான் புதுக்கோட்டை முயற்சி வேறுபடுகிறது.

'பெண்கள்' என்னும் அடைமொழி

தாவூத் ஷரீஃபா கானம் புதுக்கோட்டையை நிலைக்களமாகக் கொண்டு 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் உருவாக்கிய தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத், புதுச்சொல் எதனையும் நாடவில்லை. சங்கம், இயக்கம், மன்றம் எனப் பலசொல் கிடைக்க, விலக்கிய அமைப்பின் பெயரையே தனக்கும் சூட்டிக்கொண்டது. மொழியியலில் குறியற்ற வடிவம், குறியுற்ற வடிவம் எனப் பகுப்பர். அடைமொழியின்றி நிற்பதே இயல்பு எனக் கருதப்படும். அடைபெற்றது விலகல் எனக் கருதப்படும். 'ஆண்கள் ஜமாஅத்' என எவரும் கூறுவதில்லை. 'பெண்கள் ஜமாஅத்' என்னும் தொடர் தோன்றிய அன்றே, அடையில்லாத ஜமாஅத் ஆண்களுடையது என்னும் செய்தி எவரும் கூறாமலே வெளிப்பட்டுவிட்டது. பலர்பால் விகுதி நூற்றாண்டுகளாக மறைத்துவைத்ததை ஓர் அடைமொழி வெளிக்கொணர்ந்தது. அவ்வமைப்புக்கு எழுந்த எதிர்ப்பின் கடுமைக்கு அதன் பணிகளைவிட அதன் பெயரே காரணமாயிருக்கலாம் என நான் கருதுகிறேன். ஒரு தொண்டு நிறுவனம் கைவிடப்பட்ட பெண்களுக்கு உதவினால் அஃது அறம். ஜமாஅத் எனத் தன்னைக் கூறிக்கொண்டு கணவனுக்குக் கடிதம் அனுப்பி விசாரணைக்கு அழைத்தால் அஃது ஆட்சி.

தீபா தன்ராஜ் 2011இல் எடுத்த 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' என்னும் ஆவணப்படம் இவ்வவையின் நடவடிக்கைகளை நெருங்கி நின்று பதிவுசெய்துள்ளது. அப்படத்தின் சிறப்பு, பெண்களை இரங்கத்தக்கவராகக் காட்டாமையே. அவர்கள் வாதிடுகின்றனர், ஒருவரையொருவர் மறுக்கின்றனர், ஆவணம் கேட்கின்றனர். நிக்காஹ், மஹர், தலாக், குலா ஆகிய சட்டச்சொற்களை ஆலிம்களின் உடைமையாக விட்டுவிடாமல் தம் பேச்சுத்தமிழில் வேற்றுமை உருபேற்றி வழங்குகின்றனர். ஒரு சொல்லுக்கு உருபேற்றி வழங்கத் தொடங்கிய பின்னர் அது கடன்சொல்லாக நிற்பதில்லை.

ஸல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) என்னும் புதினம் இதன் மறுபக்கத்தைக் காட்டுவது. அதில் ஜமாஅத் என்பது பெண்கள்மேல் வந்து விழும் ஒன்று. அவர்கள் அமரும் ஒன்றன்று. மகள் ஓர் இந்துவுடன் ஊரைவிட்டுச் சென்றமைக்காக நூரம்மாவின் குடும்பம் விலக்கப்படுகிறது. ஃபிர்தவ்ஸின் முடிவோ அவள் தாயின் கையாலேயே நேர்கிறது. இதனைத் திறனாய்வாளர் பலர் ஆணாதிக்கத்தின் கொடுமை என்னும் ஒரு தொடரில் முடித்துவிடுவர். அவ்வளவில் நிற்பது புதினத்துக்கு நீதியாகாது. அவையில் இடமில்லாத பெண்கள் அவையின் தீர்ப்பை அவையினும் விரைந்து வீட்டுக்குள் நிறைவேற்றுகின்றனர் என்பதே ஸல்மா கண்ட உண்மை. வாக்கில்லாதார் மேல் சுமத்தப்படும் ஆட்சி, அவர்தம் கைகளையே கருவியாகக் கொள்கிறது. இப்புதினத்தைச் சமயத்தின்மேல் தொடுத்த குற்றச்சாட்டாகப் படித்தவர் இதனைக் காணவில்லை. சமுதாயத்தை இழிவுபடுத்தியது எனச் சினந்தவரும் காணவில்லை. புதினத்தின் குறை யாதெனின், வீட்டுப் பேச்சு மிக விரிந்து சிலவிடத்துக் கதையின் நடையைத் தளரச்செய்வது. ஆயினும் அப்பேச்சே பதிவாகாத அவையின் குறிப்பேடு என்பதால் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

புதினம் வெளிவருவதற்கு முன்னரே, 2001இல், ஸல்மா பொன்னம்பட்டிப் பேரூராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்விடம் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டமையால் கணவர் நிற்க இயலாமற்போக, அவ்வாய்ப்பு அவரைத் தேடி வந்தது. துவரங்குறிச்சியில் பருவமெய்திய காலத்தில் பள்ளி நிறுத்தப்பட்டு வீட்டினுள் இருத்தப்பட்ட பெண் அதே ஊரின் பேரூராட்சியில் தலைமை ஏற்றார். 2025இல் மாநிலங்களவை உறுப்பினரானார். அரசமைப்பின் 74ஆம் திருத்தம் பேரூராட்சி மன்றத்தில் மூன்றிலொரு பங்கை எண்ணிக் கொடுத்தது. ஒரே தெருவில் இரண்டு அவைகள். ஒன்றன் பதிவேட்டில் அவர் பெயர் தலைமைநிலையில் உள்ளது. மற்றொன்றின் வழக்கில் பெண் ஒரு தலைக்கட்டினுள் அடங்குபவள். 'உள்ளாட்சி' என்னும் சொல்லை நாம் முதலாவதற்கு மட்டும் வழங்குவது பொருத்தமா என்பது எண்ணத்தக்கது.

பதவிப்பெயர்களிலும் இச்சிக்கல் தொடர்கிறது. அரபியில் பேராளரைக் குறிக்கும் 'நாயிப்' என்பதன் பெண்பாலாகிய 'நாயிபா' பேரிடர் என்றும் பொருள்படும். நீதிபதியைக் குறிக்கும் 'காழீ' என்பதன் பெண்பால் சாவடியைக் குறிக்கும் சொல்லோடு ஒத்துவிடுகிறது. இதனை எள்ளி நகையாடுவார் அங்குண்டு. தமிழில் 'தலைவி' அகத்திணைக்குரியவளாக நின்றுவிட்டமையால் பதவிக்குத் 'தலைவர்' என்னும் பலர்பாலையே பலர் விரும்புவர். கேம்பில் அடக்கமாகியுள்ள ஹஸ்ரத் பாபாஜானின் நிலை இன்னும் வியப்புக்குரியது. வேப்பமரத்தடியில் பல்லாண்டு இருந்து 1931இல் மறைந்த அவ்விறையடியார் ஒரு பெண். தம்மை 'மாயி' எனத் தாயாக அழைத்தோரிடம் அவர் சினம் கொள்வார் என்றும் தாம் ஆண் என்பார் என்றும் அவர் வரலாறு எழுதியோர் குறிப்பர். ராபியாவை ஆண்களின் வரிசையில் வைத்தமைக்கு, இறைவழியில் ஆணாக நிற்பவளைப் பெண் என்பதெங்ஙனம் என அத்தார் கூறிய அமைதியை இதனோடு இணைத்துப் பார்க்கலாம். இதனைப் பால்கடந்த நிலை எனச் சமயநூலார் போற்றுவர். பெண்பால் விளியின் கீழ் அவ்வுயர்வு இடங்கொள்ளவில்லை என்பதையும் மொழியியலார் குறித்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு என்னும் முன்னொட்டு

நாடாளுமன்றம் இயற்றிய இரு சட்டங்களின் பெயர்களை ஒப்பிடுதல் பயன்தரும். ஷா பானு வழக்கில் 1985 ஏப்பிரல் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அடுத்து 1986இல் வந்தது முசுலிம் பெண்கள் (மணமுறிவின்போது உரிமைகள் பாதுகாப்பு) சட்டம். 2017 ஆகஸ்டு 22ஆம் நாள் முத்தலாக் செல்லாது என மூவர்க்கு இருவர் என்னும் பெரும்பான்மையில் வந்த தீர்ப்பை அடுத்து 2019இல் இயற்றப்பட்டது முசுலிம் பெண்கள் (திருமண உரிமைகள் பாதுகாப்பு) சட்டம். முன்னது நீதிமன்றம் தந்ததைக் குறைக்க முயன்றது. பின்னது கணவனைச் சிறைக்கு அனுப்ப வழிவகுத்தது. எதிரெதிர்க் கட்சிகளின் எதிரெதிர் நோக்கங்களைக் கொண்ட இவ்விரண்டும் பெயரில் இரட்டைப் பிறவிகள். இரண்டிலும் உரிமையோடு 'பாதுகாப்பு' ஒட்டி நிற்கிறது; காப்பவர் இன்றிக் காக்கப்படும் பொருள் இல்லை. 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கின் தீர்ப்பு 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களையே கொண்டு, இத்தத் காலத்துக்குள் எதிர்காலம் முழுமைக்கும் உரிய நியாயமான தொகையைக் கணவன் வழங்கவேண்டும் எனப் பொருள்கண்டது. சொல்லைப் படிக்கும் முறையால் சட்டத்தின் திசையே மாறியதற்கு அஃதொரு நல்ல எடுத்துக்காட்டு. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், ஷரீஅத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் குலாவுக்குச் சான்றிதழ் வழங்க இயலாது. குடும்ப நீதிமன்றத்தையே அணுகவேண்டும் எனக் கூறியது. எகிப்து 2000ஆம் ஆண்டிலேயே குலாவை நீதிமன்றத்தின் வழிப்படுத்திவிட்டது.

2019இல் புனேயைச் சேர்ந்த தம்பதியர் பெண்கள் பள்ளிவாசலினுள் சென்று தொழுவது தொடர்பாக உச்ச நீதிமன்றத்தில் மனு அளித்தனர். அவ்வாண்டு ஏப்பிரலில் நீதிமன்றம் அறிவிக்கை அனுப்பியது. 2020 சனவரியில் அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியம் அளித்த உறுதிமொழி ஆவணம், சமயநூல்களின்படி பெண்கள் பள்ளிவாசலுக்கு வரத் தடையில்லை; கூட்டுத்தொழுகையில் கலந்துகொள்வது அவர்களுக்குக் கடமையாக்கப்படவில்லை என்னும் கருத்தினது. தமிழ் இதழ்கள் இதனையும் 'பெண்களுக்கு அனுமதி' என்றே மொழிந்தன. மனுதாரர் கேட்டது உரிமை. வாரியம் கூறியது தடையின்மை. மூன்றாவதாகிய அனுமதி நம் மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது. காயல்பட்டினத்துப் பெண்கள் தமக்கென உள்ள தைக்காக்களில் தலைமுறைகளாகக் கூடித் தொழுதுவருகின்றனர். எவர் அனுமதியும் அங்கே பேசப்படுவதில்லை. ஆயினும் தொழும் இடம் வேறு, முடிவெடுக்கும் இடம் வேறு. தைக்காவில் கூடும் அப்பெண்களையும் அரபு மொழி ஜமாஅத் என்றே கூறும். தமிழ் வழக்கு அவ்வாறு கூறுவதில்லை. தமிழக ஊர் ஜமாஅத்துகளின் பழைய பதிவேடுகளில் கைம்பெண்கள் வரிசெலுத்தியபோது அவர்கள் எப்பெயரால், எவ்விகுதியால் குறிக்கப்பட்டனர் என்பது இனி ஊர்தோறும் சென்று தொகுக்கப்படவேண்டிய சான்று.